வன்னியில் ஒரு பழைய கட்டடத்தை அளந்து பதிவு செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

பூநகரிக் கோட்டையை முதல் தடவை வரையப் போகிற பிள்ளைகள் நாலு மூலையிலும் கொத்தளம் (மூலையில் வெளியே நீட்டிக் கட்டிய காவல் மேடை) போட்டு வரைந்துகொண்டு வருவதைப் பல தடவை பார்த்துவிட்டேன். அங்கே எதிரெதிரான இரண்டு மூலைகளில்தான் கொத்தளம் இருக்கிறது. நாலு கொத்தளம் மன்னார்க் கோட்டைக்கு உரியது. கோட்டை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மனதில் ஒரு படம் முன்கூட்டியே இருக்கிறது. கை அதைப் பார்த்து வரைந்துவிடுகிறது, எதிரே நிற்கும் கட்டடத்தைப் பார்த்து வரைவதில்லை.

கீழே சொல்லும் ஒழுங்கு அந்தத் தவறு நடக்காமல் இருப்பதற்காக. ட்ரோனோ விலை கூடிய கருவியோ தேவையில்லை. அளவு நாடா, தாள், பென்சில், கைத்தொலைபேசி, மூன்று பேர் இருந்தால் ஒரு சின்னக் கோயிலையோ பழைய வீட்டையோ ஒரே நாளில் முடிக்கலாம். ஆனால் படிகளை மாற்றிச் செய்தால் அந்த ஒரு நாள் இரண்டு மூன்று நாளாக இழுபடும்.

1. எந்தக் கட்டடத்தில் தொடங்குவது

பெரிய கோட்டையில் தொடங்க வேண்டாம். உங்கள் ஊரில் ஓட்டுக்கூரையோடு நிற்கும் ஒரு பழைய வீடு, சின்ன வைரவர் கோயில், பழைய பள்ளிக்கூட மண்டபம், மடம் இவற்றில் ஒன்றை எடுங்கள். அறை நாலுக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. சின்னக் கட்டடத்தில் செய்த பிழை அன்று மாலையே தெரிந்துவிடும். கோட்டையில் செய்த பிழை வீட்டுக்கு வந்து வரையும்போதுதான் தெரியும்.

இரண்டாவது தெரிவாக மன்னார்க் கரையோர ஊரான அரிப்பிலுள்ள சின்னக் கோட்டையையோ பூநகரிக் கோட்டையையோ எடுக்கலாம். இரண்டும் சதுரம், இரண்டிலும் இரண்டு கொத்தளம்தான்.

எதை முதலில் செய்வது என்று தடுமாற்றம் இருந்தால், முதலில் இல்லாமல் போகப்போவதை எடுங்கள். ஒரு கோயிலில் திருப்பணி தொடங்கப்போகிறது என்று கேள்விப்பட்டால் பாலஸ்தாபனத்துக்கு (திருப்பணிக்காக மூர்த்தியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் சடங்கு) முன்னர் போய்விட வேண்டும். பாலஸ்தாபனம் முடிந்த பிறகு பழைய சுவரும் தூணும் சில நாட்களிலேயே கழற்றப்பட்டுவிடும். கடல் அரிக்கும் இடமும் அப்படித்தான். அரிப்பின் டொரிக் மாளிகை, முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காக 1801 தொடக்கம் 1804 வரையில் கட்டியது. கடற்கரை ஓரத்து மண்மேட்டில் நிற்கும் அதன் சுவர்கள் துண்டு துண்டாக விழுந்துகொண்டிருக்கின்றன. இந்த வருடம் எடுக்காத அளவை அடுத்த வருடம் எடுக்க முடியாமல் போகலாம்.

வழக்கிலோ இழுபறியிலோ உள்ள மலைக்கோயில்களுக்குப் பயிற்சிக்காகப் போக வேண்டாம். அங்கே நாடாவை விரித்தால் உங்கள் நோக்கத்தை யாரும் விசாரிக்கப்போவதில்லை. சிக்கல் உங்களோடு நிற்காது, அந்த ஊர்க்காரர் தலையிலும் விழும்.

2. அனுமதி: யாரிடம், எந்த ஒழுங்கில்

முதலில் உரிமையாளர். கோயில் என்றால் பரிபாலன சபைத் தலைவரும் பூசகரும். தேவாலயம் என்றால் பங்குத்தந்தை. வீடு என்றால் வீட்டுக்காரர். அவர் வெளிநாட்டில் இருந்தால் காணியைப் பார்க்கிறவர். அதற்குப் பிறகு கிராம அலுவலர். அரச காணியில் அல்லது தொல்பொருள் திணைக்களத்தின் பலகை நடப்பட்ட இடம் என்றால் திணைக்களத்துக்கு எழுத்தில் கேட்க வேண்டும், பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும்.

இந்த ஒழுங்குக்குக் காரணம் இருக்கிறது. மேலிருந்து கடிதத்தோடு வந்தால் ஊர்க்காரர் காணி அளக்க வந்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். வன்னியில் காணி அளக்க ஆள் வந்தால் வயிற்றில் நெருப்புத்தான். ஊரில் கேட்டுவிட்டு மேலே போனால் அந்தப் பயம் வராது. "ஐயா, கட்டடத்தைத்தான் வரையப்போகிறோம், காணி எல்லையைத் தொடமாட்டோம், வரைந்த பிரதி ஒன்றை உங்களிடமே தருவோம்" என்று முதல் வாயிலேயே சொல்லிவிடுங்கள்.

சட்டம் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2க்கு முந்தியதாகக் கருதப்படும் கட்டடங்கள் புராதன நினைவுச்சின்னம் என்ற வகைக்குள் வருகின்றன. டொரிக் மாளிகையும் கோட்டைகளும் அதற்குள் அடக்கம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் தோண்டுவது குற்றம். அத்திவாரம் தெரிகிறதா என்று பார்க்க ஒரு பிடி மண்ணைக் கிளறினாலும் தோண்டியதாகத்தான் எடுப்பார்கள். ஆகவே மண்வெட்டி, அலவாங்கு எதையும் வாகனத்தில்கூட வைத்திருக்காதீர்கள்.

ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு. முகாம்களுக்குக் கிட்ட அதைப்பற்றி யோசிக்கவே வேண்டாம்.

3. நாளைத் தெரிவு செய்தல்

ஒக்ரோபர் தொடக்கம் ஜனவரி வரை மழை. பாதையும் மூடும், தாளும் நனையும். சுவரில் ஈரம் ஏறி இருப்பதால் சாந்தின் உண்மையான நிறமும் தெரியாது. பெப்ரவரி, மார்ச் மிக நல்ல காலம். நடு ஆண்டில் கடலிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் ஊர்களில் வேலை செய்யலாம், ஆனால் அரிப்பு, பூநகரி போன்ற கரையோர இடங்களில் சோழகக் காற்று நாடாவை வில்லுப்போல வளைத்துவிடும். அந்த வளைவோடு எடுத்த அளவு எப்போதும் உண்மையைவிடக் கூடுதலாகத்தான் வரும்.

பழைய குளத்தின் துருசை (தண்ணீர் திறந்துவிடும் மதகு) பதிவு செய்வதென்றால் மட்டும் கணக்கு வேறு. தண்ணீர் வற்றும் ஓகஸ்ட், செப்ரெம்பரில் போக வேண்டும். கமக்காரர் அமைப்பிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வற்றிய குளத்தின் சேற்றில் முதலை படுத்திருக்கும்.

திருவிழா நாளைத் தவிருங்கள். மடுவில் ஜூலை 2, ஓகஸ்ட் 15 திருவிழாக்களுக்கு முந்திய நவநாட்களிலும் சனம் நிறைந்திருக்கும். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல், திருக்கேதீச்சரத்தில் சிவராத்திரியும் அதே மாதிரி. அந்த நாட்களில் படம் எடுக்கலாம், பேசலாம், அளக்க முடியாது. கோயில்களில் காலைப் பூசை முடிந்து நடை சாத்திய பிறகு கிடைக்கும் நேரமே உங்களுடைய நேரம். அதைப் பூசகரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

4. கொண்டுபோக வேண்டியவை

30 மீற்றர் நாடா ஒன்று, 5 மீற்றர் இரும்பு நாடா ஒன்று. துணி நாடா வேண்டாம், வெயிலில் இழுபடும். ஏ3 தாள்கள், அவற்றை வைக்க ஒட்டுப்பலகை, கவ்வி. பென்சில் மட்டும், பேனை வியர்வையில் கலங்கும். தூக்குக்குண்டு, தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் பத்து மீற்றர் மட்டக்குழாய், ஒரு உருண்டை நைலோன் நூல், திசையறி கருவி. ஒரு மீற்றர் நீளத் தடியில் பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு தரம் கறுப்பும் வெள்ளையும் பூசி அளவுத் தடியாக வைத்துக்கொள்ளுங்கள், எல்லாப் படத்துக்கும் அது வேண்டும். டோர்ச், மின்கலம், தண்ணீர், தொப்பி, மூடிய சப்பாத்து.

மூன்று பேர் என்று சொன்னதற்குக் காரணம்: இருவர் நாடா பிடிக்க, ஒருவர் எழுத. எழுதுகிறவர் நாடாவைத் தொடக்கூடாது. தானே பிடித்துத் தானே எழுதினால் பார்த்த எண் ஒன்று, எழுதிய எண் வேறொன்றாகும். நாடா பிடிப்பவர் சத்தமாகச் சொல்ல, எழுதுகிறவர் அதையே திருப்பிச் சொல்லி எழுத வேண்டும். புதியவர்கள் இப்படிச் சொல்லிச் சொல்லி எழுத வெட்கப்படுவார்கள். ஆனால் ஆறையும் ஒன்பதையும் மாற்றி எழுதுவது இதால்தான் நிற்கும்.

5. காலடி வைக்க முன்னர்

இந்தப் படியைத் தாண்டி எந்தக் கட்டடமும் பெறுமதியானதில்லை.

முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார்ப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றுப்பெறவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்பு நாடா, சிவப்பு நிறம் பூசிய தடி இருந்தால் அந்தப் பக்கம் கட்டடம் எவ்வளவு கிட்ட இருந்தாலும் திரும்பிவிடுங்கள். பலகை இல்லாததால் வெடி இல்லை என்று எடுக்கக்கூடாது. ஊர்ச்சனமும் மாடும் நடந்து பழகிய தடத்தில் மட்டும் நடவுங்கள், நல்ல படம் கிடைக்கும் என்று பற்றைக்குள் இறங்கவேண்டாம். இரும்புத் துண்டு, குழாய், கோதுபோல எது கிடந்தாலும் தொடாமல், வந்த தடத்தாலேயே திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள்.

அடுத்தது பாழ்கிணறு. இடம்பெயர்ந்து விட்டுப்போன வளவுகளில் கிணற்றுக்கட்டு இடிந்து, மேலே கொடி படர்ந்திருக்கும். ஆட்கள் இருந்த வளவென்றால் ஒரு கிணறு இருந்தே தீரும். அது எங்கே என்று தெரியும்வரை உள்ளே போக வேண்டாம்.

கூரை இல்லாத தனிச்சுவருக்குக் கீழே நின்று அளக்கக்கூடாது. ஷெல் விழுந்த அதிர்வில் உள்ளுக்குள் பிளந்த சுவர் வெளியில் நல்லபடி தெரியும். டொரிக் மாளிகையின் கடல் பக்க ஓரத்தில் கால் வைக்கவே வேண்டாம், கீழ் மண் அரிபட்டிருக்கும். மடு, ஒட்டுசுட்டான் பக்கம் பொழுதுபட முன்னர் காட்டுப் பாதையை விட்டு வெளியே வந்துவிடுங்கள், யானை இறங்கும் நேரம் அது.

6. நாடாவை எடுக்காமல் இரண்டு சுற்று

வந்து இறங்கியதும் நாடாவை விரிப்பதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்கிற தவறு. முதலில் கட்டடத்தை வெளியால் ஒரு தடவை, உள்ளால் ஒரு தடவை, கையில் ஒன்றும் இல்லாமல் சுற்றி வாருங்கள். அரை மணித்தியாலம் போகட்டும்.

இந்தச் சுற்றில் சில கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். மூலை எத்தனை? வாசல் எத்தனை? எந்தச் சுவர் பிறகு கட்டியது மாதிரி இருக்கிறது? எங்கே போக முடியாது? மூன்று பேரும் தனித்தனியாக எண்ணிவிட்டுப் பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். வாசல் எண்ணிக்கை மூன்று பேருக்கும் ஒன்றாக வருவது குறைவு. ஒருவர் அடைத்த வாசலைச் சேர்த்திருப்பார், மற்றவர் யன்னலை வாசலாக எடுத்திருப்பார். அளக்க முன்னரே அந்தப் பேச்சு முடிந்துவிட வேண்டும்.

7. கைவரைபடம்

இப்போது தாளில் முழுத் தளத்தையும் அளவில்லாமல் கையால் வரையுங்கள். தாள் நிறையப் பெரிதாக வரையுங்கள், எண்கள் எழுத இடம் வேண்டும். சின்னதாக வரைந்தவருக்கு மத்தியானத்துக்குள் எண்ணுக்கு மேல் எண் ஏறி எதுவும் வாசிக்க முடியாமல் போகும்.

சுவருக்கு இரண்டு கோடு போடுங்கள். ஒற்றைக் கோடு போட்டால் அளவு உட்பக்கத்துக்கா வெளிப்பக்கத்துக்கா என்று பிறகு தெரியாது. ஒவ்வொரு மூலைக்கும் ஒரு எழுத்து, ஒவ்வொரு அறைக்கும் ஒரு எண். வடக்கு அம்புக்குறியை இப்போதே போடுங்கள். திகதி, இடம், மூன்று பேரின் பெயர், இத்தனையும் தாளின் மேல் மூலையில் முதலில் எழுதப்பட வேண்டும். வடக்கும் திகதியும் இல்லாத வரைபடங்கள் என்னிடமே சில இருக்கின்றன. நானே வரைந்தவை. எந்தப் பக்கம் கடல், எந்தப் பக்கம் வீதி என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை, அந்தக் கட்டடங்களில் ஒன்று இப்போது இல்லை.

8. அளத்தல்

இரண்டு விடயங்களை விளங்கிக்கொண்டால் மீதி தானாக வரும்.

ஒன்று, ஓட்ட அளவு. ஒரு சுவரில் வாசலும் யன்னலும் இருந்தால், மூலையில் பூச்சியத்தை வைத்து நாடாவை மறு மூலைவரை ஒரே இழுவையாக விரியுங்கள். வாசல் தொடக்கம் 0.95, முடிவு 1.87, யன்னல் தொடக்கம் 2.60 என்று அதே நாடாவில் வாசித்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக அளந்து கூட்டினால், ஒரு துண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் பிழை வந்தாலும் பத்துத் துண்டில் பத்துச் சென்ரிமீற்றர் ஆகிவிடும். ஓட்ட அளவில் பிழை வந்தால் அந்த ஒரு புள்ளியோடு நின்றுவிடும்.

மற்றது, மூலைவிட்டம். பழைய கட்டடங்களில் நேர்மூலை அரிது. நாலு பக்கத்தையும் மட்டும் அளந்தால் அந்த அறையைச் சதுரமாகவும் வரையலாம், சரிந்த பெட்டியாகவும் வரையலாம், இரண்டுக்கும் எண்கள் பொருந்தும். மூலைக்கு மூலை அளந்தால்தான் உருவம் உறுதியாகும். ஓர் அறை 4.27 மீற்றருக்கு 3.66 மீற்றர் என்றால், மூலை நேராக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் 5.62 மீற்றர் வரவேண்டும். ஒன்று 5.70, மற்றது 5.54 என்று வந்தால் அறை சரிந்திருக்கிறது. அளந்தது பிழையென்று நினைத்துக்கொண்டு எண்ணைத் திருத்திவிடாதீர்கள். திரும்ப ஒருதரம் அளந்து, அதே எண் வந்தால் அப்படியே எழுதுங்கள்.

அந்த 4.27க்கு 3.66 என்ற அறையை இன்னொரு தரம் பாருங்கள். மீற்றரில் கால்வாசி அரைவாசியாகத் தெரிந்தாலும் அடியில் அது சரியாக 14க்கு 12. கட்டிய மேசன் அடிக்கோலோடு நின்றிருக்கிறான் என்று அர்த்தம். ஒல்லாந்தர் காலக் கட்டடமாக இருந்தால் 31.4 சென்ரிமீற்றர் கொண்ட ரைன்லாந்து அடியால் பிரித்துப் பாருங்கள். ஊர் வீடு, சின்னக் கோயில் என்றால் முழக்கணக்கு வரலாம். மூன்று நாலு அளவுகள் ஒரே அலகில் முழு எண்ணாக விழுந்தால், யார் காலத்துக் கை என்பதற்கு அது ஒரு தடயம். தடயம் மட்டும்தான். ஒரே ஒரு அளவை வைத்து முடிவுக்கு வரவேண்டாம். ஆனால் அளவை மீற்றரில் எடுத்து எழுதிய பிறகுதான் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலே அடிக்கணக்கை மனதில் வைத்தால் நாடாவும் அப்படியே வாசிக்கப்படும்.

உள்ளளவு முடிந்ததும் வெளியளவு. இரண்டும் இருந்தால் சுவரின் கனம் தெரியும். வாசல் நிலையில் கனத்தை நேரே அளந்து ஒத்துப்பார்க்கலாம். வளைந்த சுவர், கொத்தளத்தின் சரிவு இவற்றுக்கு நூலைக் கட்டி நேர்கோடு எடுத்து, அந்த நூலிலிருந்து ஒவ்வொரு அரை மீற்றருக்கும் சுவர் எவ்வளவு விலகி நிற்கிறது என்று எழுதுங்கள்.

9. உயரம்

நிலம் மட்டம் என்று நம்பக்கூடாது. மட்டக்குழாயால் கட்டடத்தைச் சுற்றி ஒரே மட்டத்தில் புள்ளிகளை ஒட்டுத்தாளில் குறித்து ஒட்டுங்கள். சுவரில் நேரே கீறவோ வெண்கட்டி பூசவோ கூடாது. எல்லா உயரமும் அந்த மட்டத்திலிருந்து மேலேயும் கீழேயும் எடுக்கப்பட வேண்டும். குழாய்க்குள் காற்றுக்குமிழ் இருக்கக்கூடாது, இரண்டு வாயும் திறந்திருக்க வேண்டும். விரலால் ஒரு வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டு மட்டம் வரவில்லை என்று சொல்லும் பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள்.

எட்டாத உயரத்துக்கு ஏறவேண்டாம். செங்கல் வெளியே தெரிந்தால் பத்து வரியின் உயரத்தை அளந்து, மிச்ச வரிகளை எண்ணுங்கள். பத்து வரி 68 சென்ரிமீற்றர் என்றால் 42 வரி 2.86 மீற்றர். எழுதும்போது இது எண்ணிப் பெற்ற உயரம் என்று பக்கத்தில் குறிக்க வேண்டும்.

10. சுவரை வாசித்தல்

அளந்து முடிந்த களைப்பில் எல்லாரும் விட்டுவிட்டுப் போகிற படி இது. நான் மிகவும் மதிக்கிற படியும் இதுதான்.

முதலில் பொருள். மன்னார்க் கரையோரத்தில் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) நிறைய வரும், துளைதுளையாக, கிட்டப் பார்த்தால் பூப்போலக் கோலம் தெரியும். டொரிக் மாளிகையில் செங்கல்லும் அதற்கு மேல் சுண்ணாம்புச் சாந்தும். தூண்கள்கூடக் கல்லில் செதுக்கியவை அல்ல. உள்ளூர் வீடுகளில் மண்சுவர், செங்கட்டி, பனை வளை, சலாகை, கிடுகு அல்லது ஓடு. சுண்ணாம்புச் சாந்து வெளுப்பாக, நகத்தால் தொட்டால் மாவாகக் கொட்டும், இடையிடையே சிப்பித் துண்டு தெரியலாம். சீமெந்து சாம்பல் நிறம், இறுக்கம். சோதிக்கிறோம் என்று சுரண்டவேண்டாம். ஏற்கெனவே உதிர்ந்து கீழே கிடப்பதைப் பார்த்தால் போதும், அதையும் எடுத்துக்கொண்டு வரக்கூடாது.

அடுத்தது ஒட்டு. இரண்டு சுவர் சேரும் மூலையில் கற்கள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டியிருந்தால் இரண்டும் ஒரே காலம். நேர்க்கோடாக மேலிருந்து கீழ்வரை பிளவு இருந்தால் ஒன்று பிறகு வந்து சாய்ந்தது. எது எதன்மேல் சாய்கிறது என்பதை அம்புக்குறியால் வரைபடத்தில் போடுங்கள். சாந்தின் மேல் சாந்து பூசியிருந்தால் எத்தனை படை என்று எண்ணுங்கள். நான் பார்த்த ஒரு சின்னக் கோயிலில் நீலம், மஞ்சள், வெள்ளை, கீழே காவி என்று நாலு படை இருந்தது. நாலு திருப்பணி அந்த ஓர் உடைவில் தெரிந்தது.

சன்னம் துளைத்த அடையாளமும் ஷெல் துண்டு கொத்திய அடையாளமும் கட்டடத்தின் பகுதிதான். அதை விட்டுவிட்டு 'அழகான' வரைபடம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்தச் சுவரில், எந்த உயரத்தில், எந்தப் பக்கமிருந்து என்று அதையும் பதியுங்கள். பழுதுபார்க்கும்போது முதலில் மறையப்போவது அதுதான்.

எழுத்துப் பொறித்த கல் இருந்தால் எண்ணெய் பூசவோ, சுண்ணாம்பு தடவவோ, பிரஷால் தேய்க்கவோ வேண்டாம். காலை ஏழு எட்டு மணிக்கோ பின்னேரம் நாலரைக்குப் பிறகோ பக்க வெளிச்சத்தில் படம் எடுங்கள். நிழல் எழுத்தைத் தூக்கிக் காட்டும். வெயில் சரியாக விழாத இடத்தில் ஒருவர் குடையால் மறைக்க, மற்றவர் டோர்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். வெளிச்சத்தை நாலு பக்கத்திலிருந்தும் மாற்றி நாலு படம். கற்சிலைமடுவில் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் 1803 ஒக்ரோபர் 31இல் தோற்கடிக்கப்பட்டதைச் சொல்லும் ஆங்கில வாசகக் கல் போல, கல்லே உடைபடவும் மாற்றி வைக்கப்படவும் கூடும். ஆகவே வாசகத்தோடு கல்லின் உயரம், அகலம், எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

11. படம் எடுத்தல்

அளந்த பிறகுதான் முறையான படம். அப்போதுதான் எதை எடுக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். தூரத்திலிருந்து நாலு பக்கம், பிறகு நாலு மூலை, பிறகு உள்ளே ஒவ்வோர் அறையிலும் நாலு சுவர், கடைசியாகத் தூண், போதிகை (தூணின் தலைப்பகுதி), நிலை, கூரைமரம் போன்ற நுணுக்கங்கள். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள், வீட்டில் ஆயிரம் படத்தைப் பார்த்து எது எங்கே என்று தேடுவது இதனால் மிச்சப்படும். ஒவ்வொரு படத்திலும் அளவுத் தடி நிற்க வேண்டும். கைத்தொலைபேசியை மேல்நோக்கிச் சரித்துப் பிடித்தால் சுவர் பின்னால் விழுவதுபோல வரும். பின்னுக்குப் போய் நேராகப் பிடியுங்கள்.

மூலஸ்தானத்தைப் படம் எடுப்பதில்லை, வாசலில் நின்று பெரிதாக்கியும் எடுப்பதில்லை. ஐயர் "பரவாயில்லை தம்பி" என்று சொன்னாலும் சபையிடம் கேட்டுவிட்டு எடுங்கள். முகாம் பக்கமாகக் கமெராவைத் திருப்ப வேண்டாம்.

12. ஆட்களிடம் கேட்பது

"இது எந்த ஆண்டு கட்டியது?" என்று கேட்டால் சரியான விடை கிடைக்காது. மனிதர் நினைவில் ஆண்டு நிற்பதில்லை, நடந்த சம்பவம் நிற்கும். ஆகவே இப்படிக் கேளுங்கள்: "அம்மா, 64ஆம் ஆண்டுப் புயலுக்கு இந்தக் கூரை பறந்ததோ?" "அண்ணை, யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்து வந்த நேரம் இந்த மண்டபத்தில் ஆட்கள் இருந்தவையோ?" "சுனாமிக்கு முந்தியே இந்த மதில் இருந்ததோ?" 1964 டிசம்பர், 1995, 2004 டிசம்பர், 2009, மீள்குடியேறிய ஆண்டு என்று ஐந்து முளை அடித்துவிட்டால் ஒவ்வொரு மாற்றமும் எந்த இரண்டு முளைக்கு நடுவில் என்று வந்துவிடும்.

போரைப்பற்றி நீங்கள் தொடங்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். ஒலிப்பதிவு செய்வதானால் முதலே கேட்டு, அவர் பெயரைப் போடலாமா என்பதையும் கேட்க வேண்டும்.

பெயர் விடயத்தில் கவனம். அரிப்பில் "அல்லிராணிக் கோட்டை" என்று டொரிக் மாளிகையையும் சொல்வார்கள், அந்தச் சின்னக் கோட்டையையும் சொல்வார்கள். யார் சொன்னது சரி என்று தீர்ப்பு எழுதவேண்டாம். எந்தக் கட்டடத்தைக் காட்டி யார் எந்தப் பெயரைச் சொன்னார் என்று எழுதுங்கள், கூடவே அமைவிடத்தையும் குறியுங்கள். பெயரை மட்டும் எழுதி வந்தவர்களின் குறிப்புகள் எந்தக் கட்டடத்தைப் பற்றியவை என்று பிறகு தெரியாமல் போனதுண்டு.

13. அன்று இரவே வரைந்து முடித்தல்

எவ்வளவு களைப்பென்றாலும் அன்று இரவு படுக்க முன்னர் பென்சில் வரைபடத்தை அளவுத்திட்டத்தோடு திரும்ப வரையுங்கள். கண்ணில் கட்டடம் நிற்கும்போதுதான் விட்டுப்போன அளவு தெரியும். அடுத்த நாள் காலை போய் அந்த ஒன்றை எடுத்துவிடலாம். ஒரு கிழமை கழித்தால் உங்கள் கையெழுத்தே உங்களுக்குப் புரியாது.

சின்னக் கட்டடத்துக்கு 1:50, அதாவது ஒரு மீற்றருக்கு இரண்டு சென்ரிமீற்றர். கோட்டைக்கு முதலே யோசியுங்கள். பூநகரிக் கோட்டையின் ஒரு பக்கம் ஏறக்குறைய 30 மீற்றர். 1:100இல் அது 30 சென்ரிமீற்றர், ஏ3 தாளின் குறுகிய பக்கமோ 29.7 சென்ரிமீற்றர்தான், கொத்தளம் வேறு வெளியே நீட்டும். 1:200க்குப் போகத்தான் வேண்டும்.

முதலில் ஒரு நீளப் பக்கத்தை வரையுங்கள். அதன் இரண்டு முனையிலிருந்தும் கவராயத்தால் ஒரு பக்க அளவையும் மூலைவிட்ட அளவையும் வளைத்தால், இரண்டு வில்லும் வெட்டும் இடம் அடுத்த மூலை. கடைசி மூலை ஒட்டாமல் சில மில்லிமீற்றர் விலகினால் சரி, தாளில் அது சகஜம். ஒரு சென்ரிமீற்றர் விலகினால் ஏதோ ஓர் அளவு பிழை. இழுத்து ஒட்டவைக்காமல் அந்த மூலையைச் சிவப்பால் வட்டமிட்டு, திரும்பப் போய் அளக்கவேண்டும்.

தளத்தில் எழுதிய பென்சில் தாளை எறியவேண்டாம். துப்புரவாக வரைந்ததில் பிழை இருந்தால் அதுதான் சாட்சி.

14. யாரிடம் கொடுப்பது, எதைக் கொடுக்கக்கூடாது

மூன்று பிரதி. ஒன்று உரிமையாளரிடம் அல்லது கோயில் சபையிடம், நேரில், கையில். நீங்கள் சொன்ன சொல் அது, அடுத்தமுறை வாசல் திறப்பதும் அதால்தான். இன்னொன்று ஊர்ப் பாடசாலைக்கோ நூலகத்துக்கோ. மூன்றாவது உங்களிடம். வருடி எடுத்த கோப்பை இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். ஒரே வீட்டில் இருந்த பதிவு எல்லாம் ஒரே இரவில் போன அனுபவம் வன்னியில் யாருக்கும் புதிதல்ல.

பொதுவில் போடும்போது ஒன்றை மறைக்க வேண்டும். காட்டுக்குள் தனியாகக் கிடக்கும் சிலை, தூண், கல்வெட்டு இவற்றின் துல்லியமான அமைவிடத்தை வெளியே போடாதீர்கள். புதையல் தோண்டுகிறவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். படத்தோடு தானாகப் பதியும் அமைவிடக் குறிப்பையும் அழித்துவிட்டுப் போடுங்கள். திணைக்களத்துக்கும் ஒரு பிரதி கொடுப்பதானால் அதில் மட்டும் அமைவிடம் முழுதாக இருக்கட்டும்.

கடலரிக்கும் கட்டடமாக இருந்தால் இன்னொரு வேலை உண்டு. கட்டடத்தில் விழ வாய்ப்பில்லாத உள்பக்க மூலை ஒன்றைத் தெரிந்து, கடலை நோக்கி எந்தக் கோணத்தில் அளந்தீர்கள் என்பதோடு, அதிலிருந்து மேட்டின் ஓரத்துக்கு முன்னால் பாதுகாப்பாக நிற்கக்கூடிய இடம்வரை அளந்து, மிச்சத் தூரத்தை அளவுத் தடியை நீட்டிப் பாருங்கள். அந்தத் தாளை அடுத்த பெப்ரவரியில் கையில் கொண்டுபோய், அதே மூலையில் பூச்சியத்தை வைத்து, அதே கோணத்தில் நாடாவை விரியுங்கள்.